கூடத்தில் ஒரு துறைமுகம்

விழிஞ்ஞத்தில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்து நின்ற வருஷம், கரமனையில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு கப்பல் வளர்ந்துகொண்டிருந்தது. கட்டியவள் என் மனைவி. குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றனவே, ஒன்றின் தலைக்குமிழில் இன்னொன்று ‘டக்’ என்று போய் உட்காரும், அவற்றால் கட்டினாள். நாலடி நீளக் கப்பல், மேலே அடுக்கடுக்காகக் கன்டெய்னர்கள், கரையில் மூன்று கிரேன்கள், அலையைத் தடுக்கும் சாம்பல் நிறச் சுவர், அதற்கு இந்தப் பக்கம் நாற்பத்தொரு மீன்பிடிப் படகுகள். ஒரு படகுக்கு மூன்றே கட்டை. இதற்காக எங்கள் சாப்பாட்டு மேஜையைத் தாரை வார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு மூட்டுவலி என்று சொல்லிப் பார்த்தேன். “கீழ உக்காந்து எழுந்தா மூட்டுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்கார்” என்றாள். எந்த டாக்டர் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் இப்போது இல்லை. துறைமுகம் இருக்கிறது. நான் இன்னமும் தரையில்தான் சாப்பிடுகிறேன்.

நான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வரைவாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்திரண்டு வருஷம் பாலமும் கட்டடமும் வரைந்தேன். நான் இழுக்கிற கோட்டுக்கு ஆபீசில் ஒரு பேர் உண்டு. என் கோபத்துக்கும் ஒரு பேர் உண்டு, அதை இங்கே எழுத முடியாது. வரைந்தது எதையும் தூக்கிப் போட்டவன் இல்லை. பழைய நகல்களையெல்லாம் குழாயில் சுருட்டி வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். கட்டின பாலத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அதன் படத்தை எடுத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

அவள் இதற்கு நேர் எதிர். தபாலாபீசில் கடிதம் பிரிக்கும் பகுதியில் இருந்தவள். கையில் வந்தது எதுவும் அங்கே தங்கக் கூடாது, அதுதான் அவள் தொழில். ஓய்வு பெற்ற மறு மாதம், வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்ட எங்கள் மகன் சின்ன வயசில் விளையாடிய கட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மூன்று வாளிகளைக் கூடத்தில் கொட்டினாள். பத்து நிமிஷம் நிறம் பார்த்துப் பிரிக்கிறேன் என்று உட்கார்ந்தவள் சாயங்காலம் விளக்கு வைக்கத்தான் எழுந்தாள். நிறம், நீளம், குமிழ் எண்ணிக்கை என்று பிஸ்கட் டின்களில் பிரித்துப் போட்டிருந்தாள். கண் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக அவள் பிரிக்கிற வேகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை. “இந்த வயசுல சொப்பு விளையாட்டா?” என்றுதான் சொன்னேன்.

“சொப்புக்கு வயசு கிடையாது, கேட்டேளா” என்றாள்.

முதலில் ஒரு பஸ், பிறகு வலியசாலையில் அவள் பிறந்த தெரு, பிறகு கரமனை ஆற்றுப் பாலம் என்று வளர்ந்தது. போனில் தேடி ஊரிலேயே இப்படிக் கட்டுகிறவர்கள் ஒரு கூட்டமாக இருப்பதைக் கண்டுபிடித்தாள். எல்லாம் கழக்கூட்டம் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள். அவர்கள் மத்தியில் இவள் ஒன்பது கஜத்தில் போய் உட்கார்வாள். அவர்களுக்கும் சில ஆசாரங்கள் உண்டு. கடையில் பெட்டியோடு வருகிற புத்தகத்தைப் பார்த்துக் கட்டினால் அது கணக்கில் சேராது. சொந்தமாக யோசித்துக் கட்ட வேண்டும். வெளியே தெரியும் பக்கத்துக்குத்தான் சரியான நிறம், உள்ளே எது கிடைத்தாலும் அடைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் பசை போட்டு ஒட்டக் கூடாது. கொலைகாரனுக்குக்கூட அவர்கள் ஒரு டீ வாங்கிக் கொடுப்பார்கள், ஒட்டியவனுக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள்.

ஒட்டாததற்குக் காரணம் சுலபம். கட்டையை மறுபடி எடுக்க வேண்டும். அவளிடம் இருந்தது மகன் விட்டுப்போன மூன்று வாளியும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததும்தான். பஸ்ஸைப் பிரித்துத்தான் தெரு. தெருவைப் பிரித்துத்தான் பாலம். வருஷத்துக்கு ஒரு தடவை பாளையம் பக்கத்தில் ஒரு ஹாலில் அவர்கள் கண்காட்சி வைப்பார்கள். கடைசி நாள் சாயங்காலம் எல்லோரும் அவரவர் கட்டியதைத் தங்கள் கையாலேயே பிரிப்பார்கள். அந்தச் சத்தத்தில் அவள் முகம் மலர்ந்துவிடும்.

பாலத்தைப் பிரித்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பாலத்துக்கு நான் ஆற்றங்கரையில் நின்று வளைவுகளை அளந்து கொடுத்திருந்தேன். படம் வரைந்து தருகிறேன் என்றபோது மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். “வரைஞ்சுட்டா அப்புறம் மாத்த மனசு வராதுன்னா. சாண் போட்டுப் பாத்துக்கறேன்” என்றாள். சாண் போட்டே அவள் கட்டிய வளைவில் ஒரு குமிழ் பிசகு இல்லை. அப்பேர்ப்பட்ட பாலத்தை முக்கால் மணி நேரத்தில் வாளியில் அள்ளிப் போட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பியைக் கொண்டு வைத்துவிட்டு, “பாலம் செத்துப்போயிடலை. டின்னுல இருக்கு. வேணும்னா துக்கம் கேட்டுட்டு வாங்கோ” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கோபம் முழுதாகப் போகவில்லை. அதை நான் எங்கோ ஒரு குழாயில் சுருட்டி வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

துறைமுகத்துக்காக ஆறேழு தடவை விழிஞ்ஞத்துக்குப் போனோம். கிழக்கே கோட்டையில் பஸ் மாறிப் போக வேண்டும். மீன் வாசனைக்கு நான் துண்டால் மூக்கை மூடிக்கொள்வேன். அவள் மணலில் இறங்கி நின்று, தூரத்தில் தெரியும் கிரேன்களுக்குக் கையை நீட்டி சாண் போடுவாள். ஒருநாள் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், “எந்தா எண்ணுந்நது?” என்று கேட்டாள்.

“வள்ளம்” என்றாள் இவள்.

“எண்ணிக்கோ, எண்ணிக்கோ. அடுத்த கொல்லம் இத்ரயும் காணூல.”

அடுத்த வருஷம் இத்தனை படகு இருக்காது என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இவள் திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். நாற்பத்தொன்று. வீட்டில் கப்பலுக்குக் கட்டை பற்றாமல் போனபோதுகூட அந்தப் படகுகளில் ஒன்றையும் குறைக்கவில்லை.

கண்காட்சியில் அந்தத் துறைமுகத்தைச் சுற்றித்தான் கூட்டம். பிள்ளைகள் “அடிபொளி ஆன்ட்டி” என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் எந்தக் கடையில் வாங்கிய பெட்டி என்று கேட்டார், நான் முந்திக்கொண்டு “பெட்டியெல்லாம் இல்லை, சொந்த மூளை” என்று எரிந்து விழுந்தேன். அவள் என் முழங்கையைக் கிள்ளினாள். அந்த வாரம்தான் அவளுடைய பரிசோதனை முடிவு வந்திருந்தது. மார்பில் கட்டி. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதனால் கடைசி நாள் அவள் பிரிக்கவில்லை. பிள்ளைகள் துறைமுகத்தை நாலு துண்டாகக் கழற்றி, ஒரு வேனில் வைத்து, எங்கள் மேஜை மேலேயே மறுபடி சேர்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

“எல்லாம் முடிஞ்சு வந்து பிரிக்கறேன். இதை வெச்சுண்டு அடுத்தது” என்றாள்.

“அடுத்தது என்ன?”

“சொல்லமாட்டேன். சொன்னா அளக்கக் கிளம்பிடுவேள்.”

அறுவை முடிந்தது. பிறகு கீமோ, ஆறு தடவை என்றார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி நழுவியது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது, சூடு தெரியவில்லை, ஊசி தெரியவில்லை. மருந்து நரம்பைப் பிடிக்கும், மெதுவாகத் திரும்பி வரும், சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம், விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அவள் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். துறைமுகத்தில் கிரேன் உச்சியில் ஒற்றைக் குமிழ் கொண்ட ஒரு பொடிக் கட்டை இருக்கிறது, சிவப்பு விளக்குக்காக வைத்தது. “அதை நகத்தால எடுத்துட்டேன்னா நான் பொழச்சேன்னு அர்த்தம்” என்றாள். பரீட்சை எழுதும் நாளையும் அவளே குறிப்பாள், அதுவரை தொடமாட்டாள்.

அதுவரை அவள் கை நானானேன். ரவிக்கைக் கொக்கி நான்தான் போட்டேன். முதல் நாள் இரண்டு கொக்கி மாறிப்போய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. “வரைவாளராம்” என்றாள். பத்து நாளில் நன்றாகப் போடக் கற்றுக்கொண்டேன்.

ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்து, கிருமி ரத்தத்தில் கலந்து, அவளை ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். பன்னிரண்டு நாள். காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து நிமிஷம்தான் பார்க்கலாம். நாலாம் நாள் டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், எதற்கும் மகனுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். சொன்னேன். பிறகு மாலை வரை செய்ய ஒன்றும் இல்லாமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மழைக் காற்றில் கூடத்துக் கதவு அடித்துக்கொண்டிருந்தது. நடுக் கிரேனின் நீட்டுக் கை கழன்று கப்பல் மேல் விழுந்து கிடந்தது. எடுத்துப் பொருத்தினேன். நிற்கவில்லை. எந்தக் கட்டை எதைத் தாங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. பாலத்தின் பாரமெல்லாம் எப்படி இறங்குகிறது என்று படம் போட்டவன், ஒரு சாண் பிளாஸ்டிக் கையை நிறுத்த முடியாமல் மூன்று தடவை விழவிட்டேன். மறுநாள் சாலைக் கடைவீதியில், அக்ரிலிக் பலகையை ஒட்டுவதற்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் தண்ணீர் போன்ற திரவம் ஒரு புட்டி வாங்கினேன். மசி தொட்டுக் கோடு இழுக்கிற என் பழைய இரட்டை நாக்குப் பேனாவை எடுத்துத் துடைத்தேன். அதன் நுனியில் ஒரு சொட்டு எடுத்து இணைப்பில் வைத்தால் போதும், தானே உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கோடு உருக்கிச் சேர்த்துவிடும். வெளியே ஒரு தடம் தெரியாது. கை நடுங்காமல் செய்தேன்.

கிரேன் நின்றது. அதோடு நான் பேனாவைக் கழுவி வைத்திருக்க வேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான் அப்புறம். நாலு பிற்பகல் உட்கார்ந்து மற்ற இரண்டு கிரேன்களையும் ஒட்டினேன், கப்பலை ஒட்டினேன், கன்டெய்னர் ஒவ்வொன்றையும் ஒட்டினேன், சுவரை ஒட்டினேன். ஜன்னல்களைத் திறந்து வைத்ததில் இரண்டு நாளில் வாசனையும் போய்விட்டது. அவள் வந்து பார்க்கும்போது எல்லாம் அப்படியே நிற்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் வந்தாள். டாக்டருக்கே ஆச்சரியம். ஆளில் பாதியாக, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி வாசல்படி ஏறி, நேராகத் துறைமுகத்தைப் பார்த்து, “தூசி தட்டிருக்கேளே” என்றாள். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். இப்போதுதானே வந்திருக்கிறாள், இரண்டு நாள் போகட்டும் என்று விட்டேன். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. மிச்சமிருந்த உதிரிக் கட்டை டின்களைப் பரண் மேல் ஏற்றினேன், நடமாட இடைஞ்சல் என்று. அவளும் நம்பினாள்.

ஆறாவது கீமோ முடிந்து ஐந்தாம் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, குளித்து, குங்குமம் வைத்துக்கொண்டு மேஜை முன்னால் வந்து நின்றாள். “ஏன்னா, இன்னிக்குப் பாக்கறேன்” என்றாள். நான் காப்பி டம்ளரோடு நின்றிருந்தேன்.

அந்தச் சிவப்புப் பொடிக் கட்டையின் அடியில் நகத்தைக் கொடுத்தாள். நெம்பினாள். பக்கம் மாற்றி நெம்பினாள். வரவில்லை. சரி, பெரியதாகப் பார்ப்போம் என்று ஒரு கன்டெய்னரைப் பிடித்து இழுத்தாள். கட்டைகளைப் பிரிக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு, அவள் கேவலமாக நினைத்து ஒதுக்கி வைத்திருந்தது. அதை எடுத்து வந்து நெம்பினாள். அது வழுக்கியது. மறுபடி நகத்துக்குப் போனாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. ரத்தம் வந்ததை அவள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ஒட்டியிருப்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? அவள் பழகிய கூட்டத்தில் அப்படி ஒரு ஜன்மம் கிடையாது. அவள் சந்தேகப்பட்டது தன்னைத்தான்.

“போச்சுன்னா” என்றாள். “என் விரல் போயிடுத்து.”

“இன்னும் நாள் இருக்கே. டாக்டர் ஒரு வருஷம்னாரே” என்றேன். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னேன். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

அதற்கப்புறம் அவள் விரலுக்கு வேலை கொடுக்கவில்லை. பந்தை அமுக்குவது, பட்டாணி பொறுக்குவது என்று டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தவை எல்லாம் நின்றன. இரண்டு வாரம் கழித்து, டின்களை அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடச் சொன்னாள். வேறு எதற்கும் ஒன்பது நாள் யோசிக்கிற நான், அன்றைக்கே ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் அவள் எடுத்துப் பார்க்க இனி ஒரு கட்டையும் இல்லை என்றதும் என் மனசு லேசானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும், சாப்பிடுகிறவள் நம்மை நம்பினால்.

இதைவிட மோசமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். காலையில் கொக்கி, சாதத்தைப் பிசைந்து கொடுப்பது, ஆரஞ்சை உரித்து நார் எடுப்பது, புடவைக்கு ஊக்கு. நாற்பது வருஷம் எனக்கு எல்லாம் செய்தவள், என் முன்னால் கையைத் தொங்கப்போட்டு நின்றாள், நான் செய்தேன். கொக்கி போடும்போது சிரிக்கக்கூடச் செய்வாள், “இன்னிக்கு நேர்கோடு” என்பாள். அவள் விரல் அதற்குள் சரியாகியிருக்குமோ என்று ஒரு தடவை தோன்றியது. தோன்றியதை விரட்டினேன்.

அடுத்த கண்காட்சி வந்தது. அந்தக் கூட்டத்தில் இவளிடம் ரொம்பப் பிரியமாக இருந்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். துறைமுகத்தை இன்னொரு தடவை வைக்க வேண்டும், ஆன்ட்டி வந்து உட்கார்ந்தால் மட்டும் போதும் என்றாள். இவள் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வெளிச்சம். “இப்போ எதுக்கு அலைச்சல், உடம்பு தாங்காது” என்றேன். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை.

எடுத்துப் போவதற்காகப் போன தடவை மாதிரியே நாலு துண்டாகக் கழற்ற அந்தப் பெண் கப்பலைப் பிடித்து அசைத்தாள். மேஜையே அசைந்தது. குனிந்து இணைப்பைப் பார்த்தாள். ஒரு கன்டெய்னரை இரண்டு விரலால் திருகிப் பார்த்தாள். நிமிர்ந்து மெல்லிய குரலில், “ஆன்ட்டி, இது ஒட்டிச்சதாணல்லோ” என்றாள்.

என் மனைவி அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் சட்டையைப் பார்த்தாள். அவர்கள் எல்லோரும் பொடிக் கட்டைகளால் எழுத்துச் செய்து பெயர்ப் பட்டையாகக் குத்திக்கொள்வார்கள். “அதொந்நு தா மோளே” என்று கை நீட்டினாள். அந்தப் பெண் கழற்றிக் கொடுத்தாள்.

அதில் ஒற்றைக் குமிழ் கட்டை ஒன்றின் அடியில் நகத்தைக் கொடுத்தாள். ‘டக்.’ வந்துவிட்டது. திரும்பப் பொருத்தினாள். எடுத்தாள். வேறொன்றை எடுத்தாள். கூடத்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே பொருத்தி, பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏன்னா, எப்போ ஒட்டினேள்?”

“நீ ஐ.சி.யூ.வுல இருந்தப்போ. கிரேன் கை விழுந்துடுத்து. மூணு தடவை வெச்சேன், நிக்கலை.”

“சரி. கிரேன் விழுந்தா கிரேனை ஒட்டணும். நாற்பத்தொரு படகையும் ஏன் ஒட்டினேள்?”

படகு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலை நீட்டி ஒரு படகைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஆமாம், படகையும்தான் ஒட்டினேன். நாலாவது பிற்பகல் முழுவதும் அதுதான் வேலை. ஒவ்வொரு படகாக எடுத்து, மூன்று கட்டைக்கும் நடுவில் இரண்டிரண்டு சொட்டு.

நான் துண்டால் மேஜை விளிம்பைத் துடைத்தேன்.

“நான் வரமாட்டேன்னு நினைச்சுண்டுட்டேள்” என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

அதுதான் உண்மை. டாக்டர் வராந்தாவில் சொன்னதும் எனக்குள் அவள் போய்விட்டாள். அங்கே அவள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, இங்கே நான் அவள் ஞாபகார்த்தத்தை உறுதிப்படுத்திக்கொண்டிருந்தேன். பாலத்தை வாளியில் போட்டாயே, இதையாவது உன்னால் பிரிக்க முடியாது என்றும் ஒரு மூலையில் இருந்தது. அழுதுகொண்டுதான் ஒட்டினேன். அழுததால் அது வேறு ஒன்றாகிவிடாது.

அந்தப் பெண் எப்போது எழுந்து போனாள் என்று தெரியவில்லை. துறைமுகத்தைக் கண்ணில் படாமல் மாடி அறையில் வைத்துவிடட்டுமா என்று மாலையில் கேட்டேன். “இருக்கட்டும். அதானே வேணும்னேள்” என்றாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நான் வழக்கம்போல வாசலில் நின்றேன். உள்ளே ஏதோ விழுந்தது, ஊக்காக இருக்கும். வெகு நேரம் கழித்துக் கதவைத் திறந்தாள். கொக்கிகள் எல்லாம் சரியாக இருந்தன. சாதத்தைத் தானே பிசைந்து சாப்பிட்டாள், கொஞ்சம் சிந்தியது, அதையும் தானே துடைத்தாள். என்னோடு பேசாமல் இருக்கவில்லை. உப்பு போதுமா, பால் வந்ததா, மகன் போன் பண்ணினானா, எல்லாம் பேசினாள். பழைய மாதிரி கேலிகூட உண்டு. ஆனால் அவள் மேல் என் கை படும்படி ஒரு சின்ன வேலையும் அதற்கப்புறம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பெண் அடுத்த ஞாயிறு தானாகவே டின்களைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். இவள் தினமும் மத்தியானம் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து கட்டினாள். என்ன கட்டுகிறாள் என்று நான் எட்டிப் பார்த்தால் கை நின்றுவிடும். நான் கடைக்கோ கோயிலுக்கோ போய்விட்டு வருவதற்குள் எல்லாம் பிரித்து டின்னில் போட்டு மூடியிருப்பாள். ஒருநாள் சீக்கிரமே திரும்பி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருடன் மாதிரி உள்ளே வந்தேன். மூடியை அமுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்தது என்ன என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. நான் ஒட்டுவதற்கு அவள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அப்படி அவளுக்கு ஏழு மாதம் கிடைத்தது. விரல் நன்றாக இருந்த ஏழு மாதம். அதற்கு முன்னால் எத்தனை மாதத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்று அவள் சொல்லிக் காட்டியதில்லை. நானே எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிடுவேன்.

பிறகு நோய் திரும்பி வந்து எலும்பில் உட்கார்ந்தது. அதே ஆஸ்பத்திரி, வேறு வார்டு. அங்கே உடுத்தக் கொடுக்கிற பச்சை அங்கிக்கு முதுகுப் பக்கம் நாடா. விரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் தன் கையால் கட்டிக்கொள்ள முடியாது. முதல் நாள் அவள் அங்கிக்குள் கையை நுழைத்துக் கட்டிலில் உட்கார்ந்ததும், நான் எழுந்து பின்னால் போய் இரண்டு நாடாவையும் எடுத்தேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தது.

“சிஸ்டரே, இதொந்நு கெட்டித் தருமோ?” என்று அவள் வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். என் கையில் நாடா இருப்பதைப் பார்த்து, “அங்கிள் உண்டல்லோ அவிடே” என்று சிரித்தாள்.

“சாரமில்லை. நீ வந்நு கெட்டு மோளே.”

நான் நாடாவை விட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். நர்ஸ் வந்து கட்டினாள்.